பரப்பைப் படித்தவர்

லாரிப் பட்டறைகளில் அச்சு மூட்டுகளுக்குப் பூசும் கருப்பு கிரீஸைப் பார்த்திருப்பீர்கள். விரலில் ஒட்டினால் சோப்பு போட்டாலும் லேசில் போகாது. அந்த வகை கிரீஸ்களில் கலக்கப்படும் கரும்பொடியின் பெயர் மாலிப்டினம் டைசல்பைடு. பூமிக்கடியில் மாலிப்டினைட் என்ற கனிமமாகக் கிடைப்பது. தாள் தாளாக அடுக்கிய அமைப்பு கொண்டது. ஒவ்வொரு தாளிலும் நடுவே மாலிப்டினம் அணுக்கள், அவற்றுக்கு மேலும் கீழும் கந்தக அணுக்கள். தாளுக்குள் பிணைப்பு மிக உறுதி. ஒரு தாளுக்கும் அடுத்த தாளுக்கும் இடையே பிடிப்பு மிகவும் குறைவு. அதனால்தான் தாள்கள் ஒன்றின்மேல் ஒன்று வழுக்கி, உலோகமும் உலோகமும் உரசித் தேய்வதைத் தடுக்கின்றன.

இந்தக் கனிமத்திலிருந்து ஒரே ஒரு தாளை மட்டும் உரித்தெடுத்தால் அதன் தடிமன் 0.65 நானோமீட்டர். அதன்மேல் பச்சை லேசரைப் பாய்ச்சினால் சிவப்பாக ஒளிர்கிறது. கட்டியாக இருக்கும்போது ஏறக்குறைய ஒளிராத பொருள் இது. தனித் தாளான பிறகு அதன் ஒளிர்திறன் பத்தாயிரம் மடங்குக்கு மேல் உயர்ந்துவிடுகிறது. 2010-ல் நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் இதை அளந்து, காரணத்தோடு வெளியிட்ட குழுவை வழிநடத்தியவர் டோனி ஹைன்ஸ்.

அந்த அளவீட்டுக்குப் பிறகு உலகெங்கும் ஆய்வகங்கள் இந்தத் தாளின் பின்னால் ஓடத் தொடங்கின. சிலிக்கானுக்கு அடுத்த பொருள் என்று பத்திரிகைகள் எழுதின. ஆனால் ஹைன்ஸ் அதற்கு முன் ஏறக்குறைய முப்பது ஆண்டுகள் செய்துவந்த வேலைதான் என்னை ஈர்க்கிறது. ஒளியைக் கொண்டு ஒரு பொருளின் மேற்பரப்பை மட்டும், அதன் கடைசி ஒன்றிரண்டு அணு அடுக்குகளை மட்டும் பார்க்கும் கலை அது. பிற்பாடு முழுக்க முழுக்க மேற்பரப்பாகவே இருக்கும் பொருள்கள் உலகுக்குக் கிடைத்தபோது, அவற்றைப் படிக்கத் தெரிந்தவராக அவர் தயாராக இருந்தார்.

அச்சில் தொலைந்த புள்ளி

1960 மே மாதத்தில் கலிஃபோர்னியாவில் தியோடர் மைமன் செயற்கை மாணிக்கக் கல்லைக் கொண்டு முதல் லேசரை இயக்கிக் காட்டினார். அடுத்த ஆண்டே மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் பீட்டர் ஃபிராங்கனும் அவருடைய மூன்று சகாக்களும் மாணிக்க லேசரின் 694 நானோமீட்டர் சிவப்பு ஒளியைக் குவார்ட்ஸ் படிகத்துக்குள் செலுத்தினார்கள். மறுபக்கம் சிவப்போடு சேர்ந்து, மிக மிக மங்கலாக, 347 நானோமீட்டரில் புறஊதா ஒளியும் வெளிவந்தது. அலைநீளம் சரிபாதி, அதிர்வெண் இரண்டு மடங்கு. புகைப்படத் தகட்டில் அது ஒரு சிறு புள்ளியாகப் பதிந்தது. கட்டுரை ‘பிசிக்கல் ரிவ்யூ லெட்டர்ஸ்’ இதழில் அச்சானபோது, அந்தப் புள்ளியை அழுக்கு என்று நினைத்துத் துடைத்துவிட்டிருந்தார்கள். புள்ளி இருந்த இடத்தைக் காட்டும் அம்புக்குறி மட்டும் அச்சில் இருக்கிறது. ஒரு புதிய துறையின் முதல் சான்று அது.

நடப்பது இதுதான். ஒளி ஒரு பொருளுக்குள் நுழையும்போது அதன் மின்புலம் எலெக்ட்ரான்களை முன்னும் பின்னும் ஆட்டுகிறது. சாதாரண விளக்கொளியில் புலம் எவ்வளவோ ஆட்டமும் அவ்வளவு. புலம் இரட்டித்தால் ஆட்டமும் இரட்டிக்கும். லேசர் அளவுக்கு வலுவான புலம் வந்துவிட்டால் இந்த நேர்க்கணக்கு உடைகிறது. எலெக்ட்ரான் ஒரு பக்கம் அதிகமாகவும் மறுபக்கம் குறைவாகவும் ஆடுகிறது. கோணிப்போன அந்த ஆட்டத்தில், சட்ஜத்தோடு மேல் சட்ஜமும் கேட்பதுபோல, மூல அதிர்வெண்ணோடு அதன் இரட்டிப்பும் சேர்ந்தே வருகிறது. இத்தகைய விளைவுகளைப் படிக்கும் துறைக்கு நேரிலா ஒளியியல் என்று பெயர். கடைத்தெருவில் கிடைக்கும் பச்சை லேசர் பாயிண்டர்கள் பலவற்றில் உள்ளே பிறப்பது கண்ணுக்குத் தெரியாத 1064 நானோமீட்டர் அகச்சிவப்பு ஒளி. ஒரு சிறு படிகம் அதை 532 நானோமீட்டர் பச்சையாக மாற்றித் தருகிறது.

தமிழ்நாட்டில் இயற்பியல் மேற்படிப்பு படித்தவர்களுக்கு இது பழகிய துறை. அண்ணா பல்கலைக்கழகத்தின் படிக வளர்ப்பு மையத்தில் தொடங்கி மாவட்டக் கல்லூரிகள் வரை, பீக்கரில் கரைசலை வைத்து வாரக்கணக்கில் காத்திருந்து நேரிலாப் படிகம் வளர்த்தவர்கள் நம்மிடையே பலர் உண்டு. படிகத்தைத் தூளாக்கி, அகச்சிவப்பு லேசரை அதன்மேல் அடித்து, பச்சை தெரிகிறதா என்று பார்க்கும் கர்ட்ஸ் சோதனை அவர்களுக்கு மனப்பாடம். எந்தப் படிகத்தில் பச்சை தெரியாது என்பதும் அவர்களுக்குத் தெரியும். மையச் சமச்சீர் கொண்ட படிகத்தில் தெரியாது. அதாவது, ஒரு மையப் புள்ளியிலிருந்து எந்தத் திசையில் என்ன அணு இருக்கிறதோ அதற்கு நேர் எதிர்த்திசையிலும் அதே தூரத்தில் அதே அணு இருந்தால், எலெக்ட்ரானுக்கு இரண்டு பக்கமும் ஒன்றுதான். அது கோணலாக ஆடக் காரணமில்லை. இரட்டிப்பு ஒளியும் பிறக்காது. சிலிக்கான் அப்படிப்பட்ட படிகம்.

படிகம் வளர்ப்பவருக்கு இது ஒரு தடை. பெர்க்லியில் ஒய். ஆர். ஷென் இந்தத் தடையையே கருவியாக்கினார். ஷென், நேரிலா ஒளியியலின் கோட்பாட்டை ஹார்வர்டில் கட்டியெழுப்பி 1981-ல் நோபல் பெற்ற நிக்கோலஸ் புளூம்பெர்கனின் மாணவர். சிலிக்கானின் உட்புறம் சமச்சீராக இருக்கலாம். ஆனால் மேற்பரப்பில் நிற்கும் அணுவுக்குக் கீழே சிலிக்கான், மேலே வெறும் காற்று. அங்கே சமச்சீர் உடைந்தே ஆகவேண்டும். அப்படியானால் உட்புறம் ஒளியை இரட்டிக்காத ஒரு பொருளிலிருந்து வரும் இரட்டிப்பு ஒளியில் பெரும்பகுதி அதன் மேற்பரப்பிலிருந்தே வந்திருக்க வேண்டும். உள்ளே லட்சக்கணக்கான அடுக்குகள் அமைதியாக இருக்க, விளிம்பிலுள்ள அடுக்கு மட்டும் பேசுகிறது.

ஷென்னிடம் ஆய்வு மாணவராக இருந்தவர் ஹைன்ஸ். 1982-ல் இவர்கள் வெளியிட்ட கட்டுரை ஒன்று எனக்கு இன்றும் வியப்பூட்டுவது. சிலிக்காக் கண்ணாடியின்மேல் ரோடமைன் சாயத்தின் மூலக்கூறுகளைப் படியவைத்தார்கள், ஒரு முழு அடுக்குகூட நிரம்பாத அளவுக்கு. பரப்பில் இங்கொன்றும் அங்கொன்றுமாக நின்ற அந்த மூலக்கூறுகளிலிருந்து இரட்டிப்பு ஒளியைப் பிடித்து, அதன் நிறமாலையையும் வரைந்துவிட்டார்கள். ஓரடுக்குப் பொருள் என்ற பேச்சே மின்னணுவியலில் இல்லாத காலம் அது.

பிறகு ஹைன்ஸ் ஐ.பி.எம். நிறுவனத்தின் யார்க்டவுன் ஹைட்ஸ் ஆய்வகத்துக்குப் போனார். அங்கே 1985-ல் வெளிவந்த ஆய்வில், வெற்றிடத்தில் பிளந்த சிலிக்கானின் பரப்பைச் சூடுபடுத்தியபடியே அதிலிருந்து வரும் இரட்டிப்பு ஒளியைக் கவனித்தார்கள். பிளந்தவுடன் பரப்பு அணுக்கள் ஒரு விதமாக வரிசைப்பட்டிருக்கின்றன. சூடேறியதும் கலைந்து வேறொரு விதமாக அமர்கின்றன. அந்த மாற்றம் ஒளியின் சமச்சீரில் அப்படியே தெரிந்தது. சில்லுத் தொழிலுக்கு இது எட்டாத ஆராய்ச்சி என்று தோன்றலாம். உண்மையில் டிரான்சிஸ்டரின் உயிர் சிலிக்கானுக்கும் அதன்மேல் வளரும் ஆக்சைடுக்கும் இடையிலான எல்லையில்தான் இருக்கிறது. மின்னோட்டம் அந்த எல்லையை ஒட்டித்தான் ஓடுகிறது.

இருட்டு நிலைகளைத் தொட்ட இரண்டு ஃபோட்டான்கள்

1995-ல் ஹைன்ஸ் கொலம்பியாவுக்கு வந்தார். அங்கே அவர் குழு செய்த வேலைகளில் கார்பன் நானோகுழாய் பற்றிய 2005-ஆம் ஆண்டு ஆய்வைத் தனியே சொல்ல வேண்டும்.

ஒளி பட்டவுடன் குறைகடத்தியில் ஓர் எலெக்ட்ரான் மேலே எழும்புகிறது. அது விட்டுப்போன இடம் நேர்மின்சுமை போல நடந்துகொள்கிறது. இரண்டும் ஒன்றையொன்று இழுத்துக்கொண்டு ஜோடியாகத் திரியலாம். அந்த ஜோடிக்கு எக்சிட்டான் என்று பெயர். சிலிக்கானில் இந்தப் பிணைப்பின் ஆற்றல் வெறும் 0.015 எலெக்ட்ரான் வோல்ட். அறைவெப்பத்திலேயே பிரிந்துபோகும். நானோகுழாயில் எப்படி? ஒரு ஃபோட்டானை, அதாவது ஒளியின் ஒரு துகளை, விழுங்கினால் சில நிலைகளை மட்டுமே எட்ட முடியும்; மற்றவை இருட்டாகவே இருக்கும். இரண்டு ஃபோட்டான்களை ஒரே கணத்தில் விழுங்கவைத்தால் அந்த இருட்டு நிலைகளை எட்டலாம். ஹைன்ஸ், லூயிஸ் புரூஸ் இருவரின் வழிகாட்டலில் ஃபெங் வாங் உள்ளிட்டோர் அப்படிச் செய்து, நிலைகளுக்கு நடுவேயுள்ள இடைவெளியை அளந்து, பிணைப்பாற்றல் ஏறக்குறைய 0.4 எலெக்ட்ரான் வோல்ட் என்று காட்டினார்கள். குழாயின் ஒளியியல் முழுவதும் இந்த ஜோடிகளின் ஆட்சிதான் என்பது அதோடு உறுதியாயிற்று.

இரு ஃபோட்டான்களை ஒருசேர விழுங்க முடியும் என்று முதலில் கணக்கிட்டுச் சொன்னவர் மரியா கோபெர்ட்-மேயர், கோட்டிங்கனில் தன் முனைவர் பட்ட ஆய்வில். அந்தக் கணக்கு 1931-ல் வெளிவந்தது. அதைச் சோதிக்கும் அளவுக்கு வலுவான ஒளி அப்போது உலகத்தில் இல்லை. முப்பது ஆண்டுகள் காத்திருந்து, லேசர் வந்தபிறகு 1961-ல் பெல் ஆய்வகத்தில் உறுதிசெய்தார்கள். நோபல் அவருக்கு 1963-ல் வேறொரு வேலைக்காக, அணுக்கருவின் அமைப்பை விளக்கியதற்காகக் கிடைத்தது.

நானோகுழாய் என்பது கார்பனின் ஒற்றை அணுத்தாளான கிராஃபீனைச் சுருட்டிய வடிவம். விரித்த கிராஃபீன் 2004-லேயே மான்செஸ்டரில் ஆந்த்ரே கெய்ம், கான்ஸ்டன்டின் நோவோசெலோவ் கைகளில் ஒட்டுநாடாவால் உரிபட்டு வெளிவந்துவிட்டது. அடுத்த ஆண்டு அதே குழு, மாலிப்டினம் டைசல்பைடு உட்பட வேறு சில அடுக்குப் பொருள்களையும் ஒற்றைத் தாளாக உரித்துக் காட்டியது. 2008-ல் கொலம்பியாவிலும் மான்செஸ்டரிலும் தனித்தனியே அளந்தபோது, ஒரே ஓர் அணு தடிமனுள்ள கிராஃபீன் தன்மேல் விழும் ஒளியில் 2.3 சதவீதத்தை உறிஞ்சுவது தெரிந்தது. ஓர் அணு தடிமனுக்கு இது மிகப் பெரிய அளவு. ஆனால் கிராஃபீனில், எலெக்ட்ரான் தாண்டவேண்டிய ஆற்றல் இடைவெளி இல்லை. அதைக் கொண்டு டிரான்சிஸ்டர் செய்தால் முழுமையாக அணைக்க முடியாது. அணைக்க முடியாத சுவிட்சால் கணினிக்குப் பயனில்லை. பார்வை மாலிப்டினம் டைசல்பைடின் பக்கம் திரும்பியது.

இந்தத் தாளுக்கு இன்னொரு பழைய கதை உண்டு. கனடாவைச் சேர்ந்த ஃபிரிண்ட் என்பவர் 1960-களிலேயே அதைச் சில அடுக்குகள் வரை மெலிதாக உரித்திருக்கிறார். 1986-ல் அவரும் சகாக்களும் வேதிமுறையில் ஒற்றை அடுக்காகவே பிரித்தார்கள். பொருள் கையில் இருந்தது. அதன் ஒளிர்வு வெளிப்பட மேலும் கால்நூற்றாண்டு ஆனது.

2010-ல் கின் ஃபாய் மக், சாங்கு லீ, ஜேம்ஸ் ஹோன், ஜீ ஷான் ஆகியோருடன் ஹைன்ஸ் ஒன்றிலிருந்து ஆறு அடுக்குகள் வரையான தாள்களை எடுத்துக்கொண்டார். அடித்தளத்தின் குறுக்கீடு இல்லாதிருக்க, சிறு துளைகளின்மேல் தொங்கும் தாள்களில் ஒளிர்வை அளந்தார்கள். கட்டியில் ஆற்றல் இடைவெளி 1.29 எலெக்ட்ரான் வோல்ட், அதுவும் மறைமுகமானது: எலெக்ட்ரான் கீழே இறங்க வேண்டுமென்றால் ஒளியை உமிழ்வதோடு தன் உந்தத்தையும் மாற்றிக்கொள்ள வேண்டும், அது அரிதாகவே நடக்கும். அடுக்கு குறையக் குறைய இடைவெளி விரிந்து, ஒற்றைத் தாளில் 1.9-ஐத் தொட்டு, நேரடி இடைவெளியாக மாறிவிடுகிறது. எலெக்ட்ரான் நேராக இறங்கி, சிவப்பு ஒளியை உமிழ்கிறது. அதே ஆண்டு பெர்க்லியில் இன்னொரு குழுவும் இதையே கண்டது. அதை நடத்தியவர், நானோகுழாய் ஆய்வில் மாணவராக இருந்த அதே ஃபெங் வாங்.

எத்தனை அடுக்கு என்று எண்ணுவது எப்படி? இங்கே திருச்சியில் பிறந்த சர் சி. வி. ராமன் வருகிறார். அவரும் வத்திராயிருப்பில் பிறந்த கே. எஸ். கிருஷ்ணனும் 1928-ல் கல்கத்தாவில் கண்ட சிதறல், இன்று ஓரடுக்கு ஆய்வகங்களின் அன்றாட அளவுகோல். மாலிப்டினம் டைசல்பைடில் இரண்டு அதிர்வுகளின் ராமன் கோடுகள் அடுக்கு கூடக் கூட ஒன்றைவிட்டு ஒன்று விலகுகின்றன. அந்த இடைவெளியைப் பார்த்தே ஒன்றா, இரண்டா, மூன்றா என்று சொல்லிவிடலாம். இதை 2010-ல் காட்டிய கட்டுரையின் ஆசிரியர்களில் ஹைன்ஸும் ஒருவர்.

ஒற்றைப்படை ஒளிரும், இரட்டைப்படை இருளும்

2013-ல் மூன்று குழுக்கள் ஏறக்குறைய ஒரே சமயத்தில் இந்தத் தாளில் ஒளி இரட்டிப்பைத் தேடின: அமெரிக்காவின் கான்சாஸில் ஒன்று, பிரேசிலில் ஒன்று, கொலம்பியாவில் ஹைன்ஸின் குழு. கிடைத்த விடையின் அழகை நிதானமாகப் பார்க்க வேண்டும்.

ஒற்றைத் தாளை மேலிருந்து பார்த்தால் அறுகோண வலை. அதன் முனைகளில் மாலிப்டினமும் கந்தகமும் மாறி மாறி நிற்கின்றன. மையத்திலிருந்து ஒரு பக்கம் மாலிப்டினம் என்றால் நேர் எதிரே கந்தகம். மையச் சமச்சீர் இல்லை. ஆகவே ஒளி வலுவாக இரட்டிக்கிறது. இயற்கையில் கிடைக்கும் படிகத்தில் இரண்டாவது தாள் முதல் தாளுக்குத் தலைகீழாகத் திரும்பி அமர்கிறது. மாலிப்டினத்துக்கு மேல் கந்தகம், கந்தகத்துக்கு மேல் மாலிப்டினம். இரண்டும் சேர்ந்தால் சமச்சீர் மீண்டுவிடுகிறது. ஒரு தாள் உண்டாக்கும் இரட்டிப்பு அலையை மறுதாள் அழிக்கிறது. மூன்றாவது தாள் வைத்தால் அதற்கு இணையில்லை, ஒளி திரும்பவும் வருகிறது. நான்கில் மறைகிறது, ஐந்தில் எழுகிறது. ஒரே ஓர் அணுத்தாளைக் கூட்டினாலோ கழித்தாலோ ஒளி தோன்றி மறைவதை அளவீட்டுக் கருவி நேரடியாகக் காட்டுகிறது.

இன்னொன்றும் இருக்கிறது. லேசரின் அதிர்வுத் திசைக்கு எதிரே தாளைச் சுழற்றிக்கொண்டே போனால் இரட்டிப்பு ஒளி ஆறு முறை உச்சம் தொடுகிறது. வரைபடமாகப் போட்டால் ஆறிதழ்ப் பூ. இதழ்கள் எந்தப் பக்கம் நீட்டிக்கொண்டிருக்கின்றனவோ அதைக் கொண்டு படிகத்தின் அச்சு எங்கே இருக்கிறது என்று சொல்லலாம். எலெக்ட்ரான் நுண்ணோக்கி வேண்டாம். தாளைத் தொடவும் வேண்டாம்.

மின்னணுவியலுக்கு இது ஏன் தேவை? ஒட்டுநாடாவால் உரித்த தாள் சில மைக்ரான் அகலம்தான் வரும். சில்லு செய்ய வேண்டுமானால் வேஃபர் முழுக்க வளர்க்க வேண்டும். சூடான உலையில் ஆவியிலிருந்து படியவைத்தால் தாள் முக்கோணத் தீவுகளாக முளைத்து, வளர்ந்து, ஒன்றோடொன்று முட்டிச் சேர்கிறது. முட்டுமிடத்தில் அச்சுகள் ஒத்துப்போகாவிட்டால் தையல்போல ஒரு குறைக்கோடு விழும்; எலெக்ட்ரான் அங்கே தடுமாறும். 2014-ல் பெர்க்லியில் சியாங் ஜாங்கின் குழு, இரட்டிப்பு ஒளியாலேயே முழுத் தாளையும் படம்பிடித்து அந்தத் தையல்களையும் தாளின் விளிம்பையும் காட்டியது.

8085 அளவுக்கு வந்துவிட்டோம்

சிலிக்கானின் சிக்கல் எளிமையானது. டிரான்சிஸ்டரைக் குறுக்கிக்கொண்டே போனால் மின்னோட்டம் ஓடும் பகுதியையும் மெலிதாக்க வேண்டும். இல்லையேல் கேட் மின்முனைக்குப் பிடி தளர்ந்து, அணைத்த நிலையிலும் மின்சாரம் கசியும். ஆனால் சிலிக்கானைச் சில நானோமீட்டருக்குக் கீழே செதுக்கினால் அதன் பரப்பின் கரடுமுரடும் துணையற்ற பிணைப்புகளும் எலெக்ட்ரானைச் சிதறடிக்கின்றன. மாலிப்டினம் டைசல்பைடு இயல்பிலேயே 0.65 நானோமீட்டர்; பரப்பில் தொங்கும் பிணைப்புகள் கிடையாது. 2011-ல் சுவிட்சர்லாந்தின் லோசான் நகரில் ஆந்த்ராஸ் கிஸ்ஸின் குழு ஓரடுக்கு டிரான்சிஸ்டர் செய்தது. திறந்த நிலைக்கும் மூடிய நிலைக்கும் மின்னோட்ட விகிதம் பத்துக் கோடி. கிராஃபீனால் முடியாத காரியம்.

2017-ல் வியன்னாவில் 115 டிரான்சிஸ்டர்கள் கொண்ட ஒரு சிறு செயலி. 2025-ல் சீனாவின் ஃபூடான் பல்கலைக்கழகத்தில் 5,900 டிரான்சிஸ்டர்களோடு 32 பிட் செயலி. அதே ஆண்டு பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகத்தில் சப்தர்ஷி தாஸ் குழு, மாலிப்டினம் டைசல்பைடையும் டங்ஸ்டன் டைசெலினைடையும் எதிரெதிர் வகை டிரான்சிஸ்டர்களாக்கி, சிலிக்கான் டிரான்சிஸ்டர் இல்லாமலே ஒரு எளிய கணினியைக் கட்டியது. நம் பொறியியல் கல்லூரி லேப்களில் தலைமுறை தலைமுறையாகச் சொல்லித்தரப்பட்ட இன்டெல் 8085 நினைவிருக்கிறதா? 1976-ல் வந்தது, அதில் சுமார் 6,500 டிரான்சிஸ்டர்கள். எண்ணிக்கையில் பார்த்தால் இருபரிமாண மின்னணுவியல் ஏறக்குறைய அந்த இடத்தில் நிற்கிறது. கையிலிருக்கும் ஸ்மார்ட்போனின் செயலியில் ஆயிரம் கோடிக்கும் மேல்.

ஆகவே ‘சிலிக்கான் யுகம் முடிந்தது’ என்று எழுதுபவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. தாளுக்குள் எலெக்ட்ரான்கள் நல்ல சிலிக்கானில் ஓடும் வேகத்துக்கு ஓடுவதில்லை. அதைவிடப் பெரிய தலைவலி உலோகமும் தாளும் சந்திக்குமிடம். அங்கே எழும் ஆற்றல் தடுப்பு மின்னோட்டத்தைக் கழுத்தைப் பிடித்து நிறுத்துகிறது. 2021-ல் பிஸ்மத் உலோகத்தை மின்முனையாக வைத்து அந்தத் தடுப்பை வெகுவாகக் குறைத்துக் காட்டினார்கள், எம்.ஐ.டி.யும் தைவானின் டி.எஸ்.எம்.சி.யும் பங்கேற்ற ஆய்வில். பிஸ்மத் 271 டிகிரியிலேயே உருகிவிடும்; ஆலையின் சூட்டைத் தாங்கும் மின்முனை இன்னும் தேடப்படுகிறது. இவையெல்லாம் உழைத்துத் தீர்க்கவேண்டிய கணக்குகள். தீரும் என்றே நம்புகிறேன், ஆனால் பத்திரிகைத் தலைப்பின் வேகத்தில் தீராது.

இந்த இடைவெளியில் அடிப்படை ஆய்வு வேறொரு பக்கம் பாய்ந்துவிட்டது. இரண்டு தாள்களைச் சிறு கோணத்தில் திருகி ஒன்றின்மேல் ஒன்று வைத்தால், இரண்டு வலைகளும் சேர்ந்து பெரிய அலைவரிசை ஒன்றை உண்டாக்கி எலெக்ட்ரான்களைக் குழிகளில் அமர்த்துகின்றன. 2018-ல் எம்.ஐ.டி.யில் பாப்லோ ஹரிலோ-எரேரோ குழு 1.1 டிகிரி திருகிய கிராஃபீனில் மீகடத்தலைக் கண்டது. 2020-ல் கார்னெல் பல்கலைக்கழகத்தில் ஜீ ஷானும் கின் ஃபாய் மக்கும் டங்ஸ்டன் சேர்மங்களின் இரு தாள்களை அடுக்கி, எலெக்ட்ரான்கள் ஒன்றையொன்று தள்ளி உறைந்து நிற்கும் நிலையை உண்டாக்கினார்கள். இருவருமே ஹைன்ஸிடம் முனைவர் பட்டம் பெற்றவர்கள்.

இந்த அடுக்குகளைக் கட்டுவதற்கு முன், ஒவ்வொரு தாளின் அச்சும் எந்தப் பக்கம் என்று தெரிந்தாக வேண்டும். கோணம் ஒரு டிகிரி பிசகினாலும் பொருள் மாறிவிடும். அதற்கு அவர்கள் நாடுவது ஆறிதழ்ப் பூவைத்தான். ஆனால் அந்தப் பூவை 60 டிகிரி திருப்பினாலும் அதே பூதான். தாள் நேராக இருக்கிறதா தலைகீழாக இருக்கிறதா என்று அது சொல்லாது. அதனால் இரண்டையும் அடுக்கியபிறகு இன்னொரு முறை லேசரைக் காட்டுகிறார்கள். இரு தாள்களின் இரட்டிப்பு ஒளியும் சேர்ந்து பொங்கினால் நேர் அடுக்கு, ஒன்றையொன்று அழித்து மங்கினால் தலைகீழ் அடுக்கு. அதைக் குறித்துக்கொண்ட பிறகே மாதிரியைக் குளிரூட்டிக்குள் இறக்கி மின்சாரத்தை அளக்கத் தொடங்குகிறார்கள்.